சுதேசிக் கப்பலும் உள்நாட்டுக் காரும்

தமிழகத்தின் தென்கிழக்கில், தொண்டி முதல் தனுஷ்கோடி வரையிலும், அங்கிருந்து கீழக்கரை வழியாக மேற்கு நோக்கியும் வளைந்து கிடப்பது இராமநாதபுரக் கடற்கரையாகும். அதன் ஒருபுறம் பாக்கு நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. இவ்விரண்டுக்கும் நடுவே இராமேசுவரத் தீவு. முத்தும் சங்கும் விளைந்த இக்கடலில் மரக்கலம் செலுத்துதல் மிகப் பழைய தொழில். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி, கொடையாற் புகழ் பெற்றதோடு கடல் வாணிகத்திலும் தலைசிறந்து விளங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்கள், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி முதலிய துறைகளிலிருந்து பாய்மரத் தோணிகளில் ஏறியே மன்னார்க் கரையை அடைந்தனர்.

பாய்மரத்திற்குக் காற்றே உயிர். காற்று எதிர்த்தால் தோணி துறையிலேயே காத்திருக்க வேண்டும். நீராவிக் கப்பலுக்கோ அத்தடை இல்லை. அது குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும். ஆதலின், அது வந்த பின்னர்ப் பாய்மரத்தின் செல்வாக்குக் குறைந்தது. பாம்பன் கால்வாய் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் அவ்வழியே செல்லமாட்டா. எனவே, பெருங்கப்பல்களின் போக்குவரத்துத் தூத்துக்குடியில் நிலைபெற்றது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தபின், கொழும்புக்குச் செல்வோர் பலரும் அவ்வூரையே நாடினர்.

அக்கடல் வழியில் ஓடிய கப்பல்கள் தமிழர்க்கு உரியன அல்ல. 1856-ஆம் ஆண்டில் வேறு பெயரில் தோன்றி, 1862-ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி’ எனப் பெயர் பெற்ற ஆங்கிலக் குழுவினர் அவ்வழியைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். கீழை நாடுகளின் துறைகளிலெல்லாம் அவர்களுடைய கப்பல்கள் ஓடின. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் அவர்களிடம் இருந்தன. வணிகர் சரக்கும் அவர் கப்பலிலேயே ஏற வேண்டும். கூலியாளரும் அவர் கேட்ட கட்டணத்தையே கொடுக்க வேண்டும். வேறு வழியில்லை.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. வழக்கறிஞராகிய அவர், உள்நாட்டினர் தம் பணத்தைத் திரட்டித் தமக்கென ஒரு கப்பல் கம்பெனி தொடங்க வேண்டும் என்று எண்ணினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் ‘சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி’ பதிவு செய்யப்பெற்றது. அதன் முதல் பத்து இலட்சம் ரூபாய். அஃது இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. பெருஞ்செல்வரேயன்றிச் சிறு வணிகரும் பங்கு பெறவேண்டும் என்பதே அப்பகுப்பின் நோக்கம்.

இராமநாதபுரச் சீமையின் பெயர் இம்முயற்சியோடு இணைந்து நிற்கின்றது. கம்பெனியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் பாலவனத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர். அவர் சேதுபதி மரபினரின் உறவினர். 1867-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தில் பிறந்தவர். 1901-ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பெருமை உடையவர். ஏட்டுச் சுவடிகளைக் காத்த அக்கை கப்பலுக்கும் துணை நின்றது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகை 8,000 பங்குகளை வாங்கி, இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். இவ்வாறு புலவரும் வணிகரும், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே முயற்சியில் கைகோத்தனர்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ‘ஷா லைன்’ என்னும் குழுவினரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். மக்கள் ஆர்வத்துடன் அதில் ஏறினர். இதனைக் கண்ட ஆங்கிலக் கம்பெனியார் வாடகைக்குக் கொடுத்தவரை நெருக்கவே, கப்பல் திரும்பப் பெறப்பட்டது. சிதம்பரனார் கொழும்புக்குச் சென்று மற்றொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வந்தார். ஆயினும், பிறர் கப்பலை நம்பி நடத்தும் தொழில் பிறர் விருப்பத்தாலேயே நின்றுவிடும் என்பதை அவர் உணர்ந்தார். சொந்தக் கப்பலோடன்றித் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு பம்பாய் சென்றார். அம்முயற்சியின் பயனாக, 1907-ஆம் ஆண்டில் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்கள் கம்பெனியின் சொத்தாகத் தூத்துக்குடியை வந்தடைந்தன. அன்று கரையில் கூடியவர் கண்டது வெறும் இரும்பும் புகையும் அன்று. தம் இருபத்தைந்து ரூபாய் கடலில் மிதந்து வருதலையே அவர்கள் கண்டனர்.

அதன் பின்னர்க் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனியார் பயணிகளின் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் அரை ரூபாயாகக் குறைத்தனர். இறுதியில் ஆங்கிலக் கம்பெனியார் பயணிகளைக் கட்டணமின்றியே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்கு ஒரு குடையும் இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தனர் என்று வரலாறு கூறும்.

குடை கொடுத்த வள்ளன்மையின் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். ஒரு கப்பல் துறையை விட்டுப் புறப்பட்டால், அதில் பத்துப் பேர் ஏறினும் ஆயிரம் பேர் ஏறினும் நிலக்கரிச் செலவும், மாலுமிகளின் ஊதியமும், துறைமுகக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றே. பயணிகள் குறைந்தால் அச்செலவு முழுதும் முதலிலிருந்து கழியும். நூறு கப்பலை உடைய குழு, ஒரு வழியில் பெற்ற இழப்பை வேறு பத்து வழிகளில் பெறும் ஆதாயத்தால் ஈடு செய்துவிடும். இரண்டே கப்பலை உடைய குழுவிற்கு இழப்பை ஈடு செய்ய மற்றொரு வழியில்லை. எனவே, கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகும் போரில் வெல்பவன் திறமுடையவன் அல்லன். நீண்ட நாள் இழக்க வல்லவனே வெல்வான். குடைக்கு உரிய விலையைப் பயணிகள் பின்னர்க் கட்டணமாகக் கொடுக்கவே நேரும். எதிரி மறைந்தபின் கட்டணத்தை உயர்த்தத் தடையென்ன?

ஆட்சியும் நடுநிலை பிறழ்ந்தது. அதிகாரிகள் சுதேசிக் கப்பலுக்குப் பல இடையூறுகளை விளைத்தனர். 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். அரச நிந்தனைக் குற்றம் சாட்டி, அவருக்குக் கொடிய தண்டனை விதித்தனர்; மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. வழக்காடிய கைகள் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தன. தலைவனை இழந்த கம்பெனி தளர்ந்தது. நெறியாளரிடையே கருத்து வேற்றுமையும் வளர்ந்தது. 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிதம்பரனார் விடுதலை பெற்று வெளிவந்தபோது, அவர் அரும்பாடுபட்டுக் கொணர்ந்த கப்பல்கள் கைமாறிப் போயிருந்தன.

இத்தோல்வி மூன்று உண்மைகளைக் கற்பித்தது. கருவி சொந்தமாக இருத்தல் வேண்டும் என்பது முதலாவது. இழப்பைத் தாங்கி நிற்கும் அளவிற்கு முதல் வேண்டும் என்பது இரண்டாவது. ஆட்சி எவர் பக்கமும் சாயாது இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. நாட்டுப் பற்று இம்மூன்றுக்கும் வித்தாகும். ஆனால் வித்து மட்டுமே விளைவாகாது.

பின்வந்தோர் இப்பாடத்தை மறந்திலர். 1919-ஆம் ஆண்டில் பம்பாயில் வால்சந்து ஹீராசந்து, நரோத்தம் மொரார்ஜி முதலியோர் ‘சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி’யைத் தொடங்கினர். அதன் ‘லாயல்டி’ என்னும் கப்பல், அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஆங்கிலக் கம்பெனியார் இவர்களோடும் கட்டணப் போர் நடத்தினர். ஆயின், சிந்தியாவின் முதல் பெரிது, கப்பல்களும் பல. அது வீழவில்லை, ஆங்கிலக் கம்பெனியார் அதனோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது.

அந்த வால்சந்து ஹீராசந்தே கடலிலிருந்து தரைக்கும் தம் முயற்சியைத் திருப்பினார். 1944-ஆம் ஆண்டில் ‘பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்’ என்னும் மோட்டார்க் கம்பெனியை அவர் பம்பாயில் நிறுவினார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1942-இல், பிர்லாக் குடும்பத்தார் ‘ஹிந்துஸ்தான் மோட்டார்’சைத் தொடங்கியிருந்தனர். அந்நாளில் அமெரிக்கரின் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து, சென்னை, பம்பாய் போன்ற நகரங்களில் காராகப் பூட்டி விற்றுவந்தன. கப்பலில் நேர்ந்த போட்டி காரிலும் நேர்ந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசு உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியிட்டது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யாமல் பூட்டி மட்டும் விற்போர்க்கு இடமில்லை என 1953-ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் அகன்றன. சுதேசிக் கப்பலுக்கு ஆட்சி பகையாக இருந்தது. உள்நாட்டுக் காருக்கோ ஆட்சி கோட்டையாக நின்றது. ஆனால், கோட்டைக்குள் இருந்தவர் என் செய்தனர்? ‘அம்பாசடர்’ கார் ஆங்கில நாட்டு மோரிஸ் காரின் வடிவம். பிரீமியரின் கார் இத்தாலி நாட்டுப் ஃபியட்டின் வடிவம். வாடகைக் கப்பலைப் போன்று, இவை இரவல் வடிவங்கள். போட்டி இல்லாமையால் அவ்வடிவங்கள் பல்லாண்டு பெரிதும் மாறாமலே நின்றன. பணம் கட்டிய மக்கள் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கன்றைக் காக்கும் வேலி, மரமான பின்னும் இறுக்கினால் வளர்ச்சியைத் தடுக்கும் அன்றோ?

1983-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்திய அரசும் ஜப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனமும் கூடி நடத்திய மாருதி நிறுவனம் தன் சிறு காரை வெளியிட்டது. 1991-ஆம் ஆண்டிற்குப் பின்னர் வெளிநாட்டு நிறுவனங்கள் பல வந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் ‘சான்ட்ரோ’ என்னும் காரைச் செய்து வெளியிட்டது. மக்கள் புதியனவற்றை விரும்பி வாங்கினர். பழைய கார்கள் விற்பனையில் தாழ்ந்தன; அம்பாசடர் 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. நாட்டுப் பற்றினால் மட்டும் ஒருவர் பழுதுறும் காரை நாளும் ஓட்டிக்கொண்டிரார்.

அதே 1998-ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா நிறுவனத்தார் ‘இண்டிகா’ என்னும் காரை வெளியிட்டனர். இது பிறர் வடிவத்தை உரிமம் பெற்றுச் செய்தது அன்று. வெளிநாட்டு வல்லுநரின் துணையை ஊதியம் கொடுத்துப் பெற்றனர். ஆயினும், காரும் அதன் உரிமையும் இந்தியர்க்கே சொந்தம். முதலைச் சிக்கனமாகச் செலவிடும் வழியையும் அவர்கள் கண்டனர். ஆஸ்திரேலியாவில் நிசான் நிறுவனம் மூடிவிட்ட தொழிற்சாலையின் பொறிகளை வாங்கி, அவற்றைக் கழற்றிக் கப்பலேற்றிப் புனேயில் மீண்டும் பூட்டினர். புதிய தொழிற்சாலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆயிற்று.

முதலில் வெளிவந்த இண்டிகாக் கார்களில் குறைகள் இருந்தன, வாங்கியோர் முறையிட்டனர். ‘உள்நாட்டுப் பொருள், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி நிறுவனத்தார் வாளா இருந்திலர். குறைகளைத் திருத்தி, 2001-ஆம் ஆண்டில் புதுப்பித்த காரைக் கொணர்ந்தனர், விற்பனை ஓங்கியது. 2018-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ‘நெக்ஸான்’, உலகளாவிய மோதல் சோதனையில் ஐந்து விண்மீன் தகுதி பெற்றது. இந்தியாவிற் செய்த கார்களுள் அத்தகுதியை முதலிற் பெற்றது அதுவே. ஒரு காலத்தில் இந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர்ப் போட்டியிட மீண்டும் வந்த ஃபோர்டு நிறுவனம், 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்த முடிவு செய்தது. குஜராத்திலுள்ள அதன் சாணந்துத் தொழிற்சாலையை 2023-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனமே வாங்கிக்கொண்டது. அயல்நாட்டு நிறுவனம் எல்லாக் காலத்தும் வெல்லும் என்பதும் இல்லை. உள்நாட்டு நிறுவனம் எல்லாக் காலத்தும் தோற்கும் என்பதும் இல்லை.

கார் என்பது ஒரு நிறுவனம் மட்டும் செய்யும் பொருள் அன்று. திருகாணியும் கண்ணாடியும் தடைக்கட்டையும் செய்வோர் பலர். அவருள் ஒருவர் தாழ்ந்தாலும் கார் தாழும். மதுரையில் 1911-ஆம் ஆண்டில் வேரூன்றிய டி. வி. எஸ். குழுமத்தின் வழிவந்த ‘சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ்’, 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடமிருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் பொறிகளை வாங்கித் தமிழகத்திற்குக் கொணர்ந்தது. பின்னர் அந்நிறுவனத்திற்கே மூடிகளைச் செய்தனுப்பியது. சிறிய மூடி ஒன்றைக் குறையின்றிச் செய்யும் திறமே பெரிய காருக்கு அடிப்படை.

இவ்வரலாற்றை நினைவூட்டும் இரண்டு பாலங்கள் இராமநாதபுரக் கடற்கரையிலேயே அமைந்தவை. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் நடுப்பகுதி அமெரிக்கர் வகுத்த முறையில் அமைந்தது. அதன் இரும்புப் பகுதிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கடல் கடந்து வந்தன. தொழிலாளர் நெம்புகோல்களைத் தள்ளியே அதனைத் திறந்தனர். அதனருகில், 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்பொறியால் நேர்மேலே உயர்கின்றது. அப்பாலத்தைக் கட்டி முடித்தது இந்திய அரசின் நிறுவனமே.

பாம்பனில் இரயிலில் செல்லும் பயணி, பாலத்தைக் கட்டியவர் எந்நாட்டார் என்று முதலில் வினவுவதில்லை. பாலம் தாங்குமா என்றே எண்ணுகின்றார். கார் வாங்குவோரும் அத்தகையோரே. சொந்த அறிவு, போதிய முதல், குறை கேட்டுத் திருத்தும் பணிவு, நடுநிலை தவறாத ஆட்சி ஆகிய நான்கும் அமைந்தால், உள்நாட்டுத் தொழில் எவரோடும் நின்று போட்டியிடும். 1906-ஆம் ஆண்டில் இருபத்தைந்து ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய சிறு வணிகர்களிடம் இருந்தது நாட்டுப் பற்று ஒன்றே. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தல் பின்வந்தோர் கடமையாயிற்று. அக்கடமை இன்னும் முடியவில்லை.